எஸ்டிமேட்டுக்கு முன்னால் எங்களைக் கேளுங்கள்

தமிழக நகரங்களில் 1960, 70-களில் எழுந்த அரசு அலுவலகக் கட்டடங்கள் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு நமக்குப் பழகிய பதில்கள் இரண்டு. இடித்துத் தள்ளிவிட்டுப் பல மாடி கட்டுவது ஒன்று. வெள்ளையடித்து, முகப்பில் பளபளக்கும் தகடு ஒட்டி, திறப்பு விழா நடத்துவது இன்னொன்று. இருக்கிற கட்டடத்தையே மின்சாரம் குறைவாகச் செலவாகும்படி, வெயிலைத் தாங்கும்படி, முதியவரும் மாற்றுத்திறனாளியும் சிரமமின்றி வந்துபோகும்படி சீரமைப்பது மூன்றாவது வழி. அந்த வழியில் போக வேண்டுமானால், உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களையும் வாசலில் காத்திருப்பவர்களையும் முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் பழக்கம் நம் அரசுத் துறைகளுக்கு இன்னும் வரவில்லை.

சென்னை பிராட்வே பேருந்து நிலையத்தோடு அரசுக் கட்டடமான குறளகத்தையும் சேர்த்து இடித்து, பன்முகப் போக்குவரத்து வளாகம் கட்டும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிராட்வேயில் ஒருமுறை பேருந்து பிடித்தவர்கூட அங்கே மாற்றம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தவை திட்ட மதிப்பும் மாடிகளின் எண்ணிக்கையும்தான். கொலு பொம்மையும் கதர்த் துணியும் வாங்க ஊரே வந்துபோன குறளகம் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், அதில் ஒரு பகுதியையாவது வைத்துக்கொள்ள வழி உண்டா என்பதெல்லாம் ஊர்ப்பேச்சாக ஆகவே இல்லை. ஆகியிருந்தாலும் கடைசியில் இடிப்பதே சரி என்று முடிவாகியிருக்கலாம். அது வேறு விஷயம்.

இடித்தால் எது போகிறது?

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டப்படும் புதிய ‘பசுமைக் கட்டடம்’ சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொதுவாக நம்புகிறோம். புதியதில் மின்கட்டணம் குறையலாம், உண்மைதான். ஆனால் அதைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே பெரும் கரியமில வாயுக் கடன் ஏறிவிடுகிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து மட்டும் வருகிறது. இரும்புக் கம்பியின் கணக்கு தனி. பழைய கட்டடத்தின் தூணுக்கும் தளத்துக்கும் உத்தரத்துக்கும் அந்த விலையை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். அவை பலமாக இருக்கும்போது இடித்தால், ஒரே பொருளுக்கு இரண்டாம் முறை விலை கொடுக்கிறோம்.

இடிபாடு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று 2016-லேயே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அதைப் பிரித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் இரவு லாரிகள் ஏரிக்கரையிலும் சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் சுமையைக் கொட்டிவிட்டுப் போவதைப் புறநகர்வாசிகள் நன்றாக அறிவார்கள். ஆகவே நகரத்தின் நடுவில் ஓர் அலுவலகம் இடிபடும்போது, அதன் விளைவை அனுபவிப்பவர் பல கிலோமீட்டர் தள்ளி மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்பவராகவும் இருக்கலாம்.

கட்டடத்தை அறிந்தவர்கள் யார்?

ஒரு கட்டடத்தின் உறுதித்தன்மையைப் பொறியாளர்தான் சொல்ல முடியும். கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதித்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது. அதைப் பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடம் நாள்தோறும் எப்படி நடந்துகொள்கிறது என்பது பொறியாளருக்குத் தெரியாது. அவர் ஒரு நாள் வருவார், அளப்பார், போவார்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் மேற்குப் பக்கத்து செக்‌ஷனில் உட்கார முடியாது என்பது அங்கே வேலை பார்க்கும் எழுத்தருக்குத் தெரியும். ஜன்னல்கள் இருந்தும் காற்று வராததற்குக் காரணம், அவற்றை மறைத்து நிற்கும் கோப்பு அலமாரிகள்தான் என்பதும் அவருக்குத் தெரியும். மாடியில் ரெக்கார்டு ரூம் வந்த பிறகுதான் கீழ்த்தளத்து உத்தரத்தில் விரிசல் தெரிந்தது என்பதை ஓய்வுபெறப் போகும் அலுவலக உதவியாளர் சொல்லுவார். காகிதத்தின் எடை சாமானியமானதல்ல. பழைய பதிவேடுகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினாலே கட்டடத்தின் பாரம் கணிசமாகக் குறையும். இதற்கு டெண்டர்கூட வேண்டாம்.

வாசலில் காத்திருப்பவர்களுக்குத் தெரிந்தது வேறு. முதியோர் உதவித்தொகைக்கு வரும் பாட்டி, தான் பார்க்க வேண்டிய அதிகாரி இரண்டாம் மாடியில் இருக்கிறார் என்பதையும் லிஃப்ட் ஓடவில்லை என்பதையும் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார். சக்கர நாற்காலியில் வருபவருக்கு, சாய்வுதளம் முடியும் இடத்தில் ஒரு படி மிச்சம் இருப்பது தெரியும். கழிப்பறை இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்கக் கூசி, தண்ணீரே குடிக்காமல் பட்டா மாறுதலுக்குக் காத்திருக்கும் பெண்களை எந்தத் திட்ட அறிக்கையிலாவது பார்த்திருக்கிறோமா? மனு எழுதித் தருபவர், முத்திரைத்தாள் விற்பவர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று வாசலை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். புதிய முகப்பு வரைபடத்தில் இவர்களில் ஒருவரும் இருப்பதில்லை. அந்த வரைபடங்களில் கோட் போட்ட யாரோ சிலர் புல்வெளியில் நடந்துகொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அறுபதுகளின் பொதுப்பணித் துறைக் கட்டடங்கள் அழகானவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் நம் வெயிலை அறிந்து கட்டப்பட்டவை அவை. நீண்ட தாழ்வாரம், ஜன்னலுக்கு மேலே அகலமான சன்ஷேடு, மாடிப்படிக்கு ஜாலிச் சுவர், மொட்டை மாடியில் சுண்ணாம்பு ஜல்லி போட்டு அதன் மேல் தட்டோடு. பின்னால் வந்த ‘புதுப்பித்தல்’ ஒவ்வொன்றும் இதில் ஒன்றைத் தின்றது. இடம் போதவில்லை என்று தாழ்வாரத்தை அலுமினியத் தடுப்பால் அடைத்தோம். தூசி வருகிறது என்று ஜாலியைப் பூசி மூடினோம். நவீனத் தோற்றம் வேண்டும் என்று மேற்கு முகத்தில் கண்ணாடியும் ஏசிபி தகடும் ஏற்றினோம். காற்று நின்றது, ஏசி வந்தது. ஏசியின் வெப்பக் காற்று அடுத்த அறைக்காரரின் ஜன்னலில் வீச, அவரும் ஏசி கேட்டார்.

ஆக, பல கட்டடங்களில் நிலைத்த சீரமைப்பு என்பது புதிதாக எதையோ மாட்டுவதைவிட, அடைத்ததைத் திறப்பதில்தான் தொடங்கும். எதை, எப்போது, ஏன் அடைத்தோம் என்பது கோப்பில் இருக்காது. அங்கே இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவரின் நினைவில்தான் இருக்கும்.

சின்னச் செலவில் நடக்கக்கூடியவை வேறு சிலவும் உண்டு. சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி வகை விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். 200 விசிறி உள்ள அலுவலகத்தில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்று கணக்கிட்டால் 18,000 யூனிட் மிச்சம். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம். ஆனால் ஏசி ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் சம்மதிக்காமல் அந்த 6 சதவீதம் வராது. ஊழியர்களைக் கேட்காமல் செய்த மின்சிக்கனத் திட்டங்கள் பல இடங்களில் படுத்துப்போவது இதனால்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களுக்கு முன் அனுமதி வேண்டும். ஆனால் அதே அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விலக்கும் அளிக்கிறது. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஊரைக் கூட்டிக் கேட்கிறோம். ஊரின் நடுவில் எழும் கட்டடத்துக்குக் கேட்பதில்லை. 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்தவையோ, மராமத்துப் பணிகளோ அந்த வாசலுக்கே வருவதில்லை. 1998-இன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது விழித்துக்கொள்ளும்போது எஸ்டிமேட் போட்டு முடிந்திருக்கும். எதை இடிப்பது, எதை வைப்பது என்பது அதற்கு முன்பே யாரோ சிலரால் தீர்மானமாகியிருக்கும்.

கேட்கச் சொல்லும் சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய விவரங்கள் அனைத்தையும் அரசு அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. மக்களோடு கலந்தாலோசிக்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அறிவிக்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, இருக்கும் பொதுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் அவர்கள் வந்துபோகும்படி மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017-இல். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளில் ஒன்று வெறும் பரிந்துரையாக இருப்பது செல்லாது என்றும், கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய தர விதிகளை வகுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே எப்படியும் உளியையும் சுத்தியலையும் எடுக்கத்தான் போகிறோம். எடுக்கும்போது கேட்டு எடுக்கலாம்.

கேட்காததால் நேர்ந்தவை

அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஒரு காலத்தில் நகரத்தின் பெருமை. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்புக்குத் தடை சொன்னது. சுவர் தப்பியது. ஆனால் அதன் பிறகும் நீண்ட காலம் அது பயன்பாடின்றிச் சிதைந்தபடியேதான் நின்றது. மக்கள் பேசுவதற்கு இருக்கும் ஒரே இடம் நீதிமன்றம் என்றால், அங்கே ‘கூடாது’ என்ற ஒரு சொல்லைத்தான் பெற முடியும். இந்தக் கட்டடத்தை இனி எதற்குப் பயன்படுத்தலாம், செலவை யார் ஏற்பது என்ற பேச்சை வழக்கு எண்ணுக்குள் நடத்த முடியாது.

சேப்பாக்கத்துக் கலச மகாலின் கதை வேறுவிதம். ஆற்காடு நவாபின் அரண்மனை வளாகம், பின்னாளில் அரசு அலுவலகம். 2012 ஜனவரியில் தீப்பிடித்து உள்ளே எல்லாம் சாம்பலானது. தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை போன அந்தக் கட்டடத்தைச் சீரமைக்க முடியும் என்று பொதுப்பணித் துறையே செய்து காட்டியது. இன்று அங்கே இயங்குவது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. எரிந்த கட்டடத்தையே மீட்ட துறைக்கு, சன்ஷேடு உடைந்த கட்டடத்தை மீட்கத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தையும் விட்டுவிட முடியாது. சட்டப்பேரவை, தலைமைச் செயலக வளாகமாக 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மருத்துவமனையாக மாற்றும் அறிவிப்பு வந்தது, 2014-இல் மருத்துவமனை வந்தது. மாற்றிய முடிவால் நோயாளிகளுக்கு நன்மை கிடைத்திருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரைக் கேட்டுக் கட்டியதுமில்லை, ஊரைக் கேட்டு மாற்றியதுமில்லை. இரண்டு ஆட்சிகளுக்கும் இதில் சம பங்கு உண்டு.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணங்கள் உண்டு. லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் தன் பழைய கடையை இடித்து, கடையும் அலுவலகமுமாகப் புதிதாகக் கட்ட முனைந்தது. அதனால் சுமார் 40,000 டன் கரியமில வாயு வெளியேறும் என்ற கணக்கு நாடே விவாதித்த செய்தியானது. 2022-இல் வெளிப்படையான பொது விசாரணை நடந்தது. நிறுவனத்தின் பொறியாளர்களும் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்றவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடினார்கள். 2023-இல் அமைச்சர் அனுமதி மறுத்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அந்த முடிவில் தவறு கண்டது. 2024 டிசம்பரில் இடிக்க அனுமதி கிடைத்தது. காக்க நினைத்தவர்கள் தோற்றார்கள்தான். ஆனால் இடிப்புக்கு ஒரு கரியமில வாயுக் கணக்கு உண்டு என்பது அதற்குப் பிறகு லண்டன்வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் இன்னும் உற்சாகமான உதாரணம். 2009-இல் தொடங்கிய சீரமைப்பில் அதன் 6,514 ஜன்னல்களையும் தூக்கி எறியாமல், கட்டடத்துக்குள்ளேயே பட்டறை அமைத்து மறுபடி செய்து மாட்டினார்கள். எரிசக்திச் செலவைச் சுமார் 38 சதவீதம் குறைப்பது இலக்கு. அதில் வாடகைக்கு இருந்த அலுவலகங்கள் தங்கள் விளக்கையும் கணினியையும் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே சேர்க்கப்பட்டது. உள்ளே இருப்பவர்களைச் சேர்க்காமல் கணக்கு நேராகாது என்பது தெரிந்து செய்தது.

எப்படிக் கேட்பது?

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றாலே நமக்கு ஒரு காட்சிதான் நினைவுக்கு வரும்: ஷாமியானா, வரிசையாகக் காவலர்கள், வேனில் அழைத்துவரப்பட்ட கூட்டம், மைக்கைப் பிடுங்கும் இரு தரப்பு. இதை அலுவலகக் கட்டடத்துக்கும் கொண்டுவந்தால் யாருக்கும் பயனில்லை. கேட்டால் தாமதமாகும், செலவு கூடும் என்று அதிகாரிகள் சொல்வதில் இந்தப் பயமும் கலந்திருக்கிறது. ஆனால் கட்டி முடித்த பிறகு சாய்வுதளத்தை உடைத்து மறுபடி கட்டுவதும், திறந்த மறுமாதமே கண்ணாடிக்குத் திரை போடுவதும் தாமதமில்லையா, செலவில்லையா?

கூட்டத்துக்கு முன் காகிதம் வெளியே வரட்டும். கட்டடத்தின் உறுதித்தன்மை அறிக்கை, மூன்று ஆண்டு மின்கட்டணம், தண்ணீர்ச் செலவு, இடித்துக் கட்டினால் எவ்வளவு, சீரமைத்தால் எவ்வளவு என்ற ஒப்பீடு ஆகியவை எளிய தமிழில் அந்த அலுவலக வாசலிலேயே ஒட்டப்பட வேண்டும். இணையதளத்தில் மட்டும் போட்டுவிட்டு வெளியிட்டாயிற்று என்று சொல்லக் கூடாது. ஒப்பீட்டில் பணத்தோடு கரியமில வாயுக் கணக்கும் இடிபாட்டின் டன் கணக்கும் இருக்க வேண்டும்.

அடுத்தது, மேடை போடாமல் கட்டடத்தைச் சுற்றி நடப்பது. பொதுப்பணித் துறைப் பொறியாளர், செக்‌ஷனுக்கு ஒரு ஊழியர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், பார்வையற்ற ஒருவர், கைக்குழந்தையோடு வரும் ஒரு பெண், துப்புரவுப் பணியாளர், வாசலில் கடை போட்டிருப்பவர். இவர்கள் சேர்ந்து ஒரு வேலைநாள் மதியம் இரண்டு மணிக்கு, கூட்டம் நிறைந்த நேரத்தில், கீழிருந்து மொட்டை மாடி வரை நடந்து பார்த்தால் எஸ்டிமேட்டின் பாதி அங்கேயே எழுதிவிடலாம். குறிப்பாகத் துப்புரவுப் பணியாளரை விட்டுவிடக் கூடாது. எந்தக் குழாய் கசிகிறது என்பது அவரைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு சரியாகத் தெரியாது.

சொன்னதற்குப் பதில் வர வேண்டும். எந்த யோசனை ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை டெண்டர் ஆவணத்தோடு இணைக்கச் சொல்லி ஓர் அரசாணை போட்டால் போதும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வேலை நடக்கும் காலத்தில் அலுவலகம் எங்கே மாறும், பேருந்து வசதி உண்டா, வாசல் வியாபாரிகளுக்கு மாற்று இடம் எது என்பதும் அதிலேயே இருக்கட்டும். தற்காலிகமாக ஊரின் மறுகோடிக்குப் போன அலுவலகங்கள் அங்கேயே தங்கிவிட்ட கதைகள் நம்மிடம் நிறைய உண்டு.

வேலை முடிந்து ஓராண்டு கழித்து அதே குழு மறுபடி நடந்து பார்க்க வேண்டும். மின்கட்டணம் சொன்ன அளவுக்குக் குறைந்ததா என்பதை வாசலில் ஒட்ட வேண்டும். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை இதோடு இணைக்கலாம் என்பது என் கருத்து. பொறியாளர்கள் மறுப்பார்கள், மறுக்கட்டும், அதையும் பேசலாம்.

ஏரிகளைத் தூர்வார 2017-இல் குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தபோது, பாசன விவசாயிகளைக் கேட்டு வேலை செய்வதே அதன் அடிப்படை என்று அரசு சொன்னது. நடைமுறையில் குறைகள் இருந்தன என்றாலும் கொள்கை சரியானது. ஏரிக்கு விவசாயி எப்படியோ, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுதாரர் அப்படி.

இதற்கான மேடையையும் புதிதாகத் தேட வேண்டாம். நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே பெரும்பாலும் தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படுகின்றன, பேசப்படவும் வேண்டும். உங்கள் பகுதியில் மராமத்துக்கோ இடிப்புக்கோ காத்திருக்கும் அரசு அலுவலகம் ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அதன் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். அதன் உறுதித்தன்மை அறிக்கையும் மூன்றாண்டு மின்கட்டண விவரமும் வேண்டும் என்று கேட்டு, அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.